பழுது பார்த்த மின்னணுப் பலகைக்குக் காப்புப் பூச்சு

மின்னணு ஜக்கார்டு ஆயினும், பம்பு ஸ்டார்ட்டர் பெட்டி ஆயினும், உள்ளிருக்கும் போர்டு பழுதானால் தறியும் நிற்கும், பாசனமும் நிற்கும். பணம் கொடுத்துப் பழுது பார்த்த போர்டு சில மாதங்களிலேயே மீண்டும் கெடுவதுண்டு. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பல போர்டுகளின்மீது, அவற்றைச் செய்தவர்கள் மெல்லிய காப்புப் பூச்சு ஒன்று பூசியிருப்பர். பற்றவைப்பதற்காக அப்பூச்சைச் சுரண்டிய இடம் பின்னர் வெறுமையாகவே விடப்படுகிறது. பஞ்சுத் தூசியும் உர உப்பும் அங்கே படிந்து ஈரத்தை ஈர்க்கும். ஈரத்தின் வழியே மின்சாரம் கசியும். செம்புக் கோடுகள் அரிக்கப்படும். ஆதலின் மறுபூச்சு இன்றியமையாதது.

பூசுவதற்கு முன் கழுவுதல் வேண்டும். பூச்சு அழுக்கை அகற்றாது, உள்ளேயே சிறைவைத்துவிடும். பற்றவைப்பில் எஞ்சிய பிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் தேய்த்து நீக்கி, நன்கு உலர்த்துக. மின் இணைப்பை முன்னரே துண்டிப்பதும், அருகில் நெருப்பின்றிக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும் அவசியம்.

பூச்சுகளுள் அக்ரிலிக் வகை மறுபழுதுக்கு ஏற்றது; உரிய கரைப்பானால் எளிதில் நீங்கும். சிலிக்கோன் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தாங்கும். பாலியூரித்தேன் உராய்வையும் இரசாயனங்களையும் தாங்கும். ஆனால் நீக்குவது கடினம். எபாக்சியைப் போர்டுக்குச் சேதமின்றி நீக்குவது அரிது. அக்ரிலிக் பூச்சின் கனம் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். ஒரே தடவையாகத் தடிப்பாகப் பூசுவதினும், இருமுறை மெல்லிதாகப் பூசுவதே மேல். இணைப்பு முனைகள், சுவிட்சுகள், மூடப்படாத ரிலேக்கள் ஆகியவற்றின்மீது பூச்சுப் படலாகாது.

ஓர் எச்சரிக்கை: வினிகர் வாசனை வீசும் சாதாரண சிலிக்கோன் பசையைப் போர்டில் இடவேண்டாம். அது இறுகும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். மின்னணுப் பொருள்களுக்கென விற்கப்படும் நடுநிலைச் சிலிக்கோனையே வாங்குக.

போர்டு முழுவதையும் கலவையில் மூழ்க வார்த்து மூடுவது மற்றொரு முறை. நீரும் அதிர்வும் மிகுந்த இடத்திற்கு அது தகும். எனினும் எபாக்சிக் கலவை இறுகும்போது சூடேறிச் சுருங்குவதால் நுண்ணிய உறுப்புகள் விரிசல் காணலாம். உறுப்புகளின் வெப்பம் வெளியேறுவதும் தடைப்படலாம். அடுத்த பழுதுக்கோ வழியே அடைபடும். மென்மையான சிலிக்கோன் கலவையாயின் வெட்டி எடுக்கலாம். எதுவாயினும், போர்டைச் சில நாள் ஓட்டிச் சோதித்த பின்னரே வார்த்தல் வேண்டும்.

போர்டைத் திரும்பப் பெறுகையில், "கழுவியாயிற்றா? எதனால் பூசப்பட்டது?" என்று கேட்டறிந்து, பூச்சின் பெயரையும் தேதியையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுக. அடுத்து அதனைத் திறப்பவருக்கு அச்சிறு சீட்டுப் பேருதவியாகும்.