மார்கழிக் குளிரில் மீன் தொட்டிச் செடி ஆர்டர் போடலாமா?

ராசிங்காபுரத்தில் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு அனுபியாஸ் செடியோ ஜாவா ஃபெர்னோ வேண்டும் என்றால், இப்போதெல்லாம் செல்போனில்தான் வாங்குகிறார். சென்னை கொளத்தூரில் இருந்தோ, பெங்களூரில் இருந்தோ, கேரளத்தில் இருந்தோ அட்டைப்பெட்டியில் உயிரோடு வருகிறது செடி. வருஷம் முழுக்க யோசிக்காமல் ஆர்டர் போடுகிறவர்கள் டிசம்பர் பிறந்ததும் தயங்குகிறார்கள். ‘குளிர்ல செடி செத்துடாதா?’

இந்தப் பயம் பெரும்பாலும் யூடியூப் தந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வரும் வீடியோக்களில், ‘குளிர்காலத்தில் செடி வாங்காதீர்கள், வாங்கினால் ஹீட் பேக் வைக்கச் சொல்லுங்கள்’ என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. டொரன்டோவில் இருக்கும் நம் உறவுக்காரர் வீட்டு வாசலில் பார்சலை வைத்துவிட்டுப் போனால், அவர் வேலை முடிந்து வருவதற்குள் அது உறைந்தே போகும். ராசிங்காபுரத்தில் மார்கழி இரவு என்பது 20 டிகிரி செல்சியஸ் அளவு. செடிக்கு அது ஏ.சி. பெட்டியில் பயணம்!

பார்சலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். இருட்டில் செடியால் உணவு தயாரிக்க முடியாது. ஆனால் சுவாசிப்பதை நிறுத்தாது. சேர்த்து வைத்த சர்க்கரையைக் கரைத்துச் செலவழித்துக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 30 டிகிரியில் இரண்டு நாளில் தீரும் இருப்பு, 20 டிகிரியில் நான்கு நாள் தாங்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதத்தில் வெயிலில் நிற்கும் கூரியர் வேனுக்குள் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது தைரியமாக ஆர்டர் போட்டுவிட்டு, மார்கழியில் பயப்படுவது தலைகீழ் கணக்கு.

ஆனால் அதே பார்சல் போடியைத் தாண்டி மலை ஏறினால் கதை வேறு. போடிமெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் குளிர் கூடும். ஜனவரியில் மூணாறு சுற்றுவட்டார எஸ்டேட்களில் புல் மீது உறைபனி படிகிற விடியற்காலைகள் உண்டு. மீன் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலச் செடிகள். உறைந்தால்தான் சாகும் என்றில்லை. 10 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் கிடந்தாலே இலையின் செல் சவ்வு கெட்டு, இலை கண்ணாடி போல ஆகி, மறுநாள் கூழாகிவிடும். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பிக்கு யாராவது இங்கிருந்து செடி கொடுத்தனுப்பினால், ஜீப்பின் கூரையில் கட்டாமல் மடியில் வைத்துப் போகச் சொல்லுங்கள். விடியற்காலை ஜீப்பைவிட மதிய பஸ் நல்லது.

கப்பலில் ஏறிய செடிகள்

செடியைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் வித்தைக்கு வயது கிட்டத்தட்ட 200. லண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்ட், 1829-ல் மூடிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஈர மண்ணில் பெரணி தானாக முளைத்திருப்பதைக் கவனித்தார். உள்ளே இருக்கும் ஈரமே ஆவியாகி, திரும்பச் சொட்டி, செடியைக் காப்பாற்றிவிடும். 1833-ல் அப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியச் செடிகளோடு பெட்டிகள் திரும்பின. வழியில் தென் அமெரிக்க முனையில் கப்பல் தளத்தில் ஒரு அடிக்குப் பனி. ஆனாலும் செடிகள் பிழைத்தன.

நம் பக்கத்து அனுபவம் நேர்மாறு. மலேரியா மருந்துக்கான சின்கோனா கன்றுகளை கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் பெருவில் இருந்து இதே மாதிரி பெட்டிகளில் ஊட்டிக்குக் கொண்டுவந்தார். எகிப்து, செங்கடல், பம்பாய் என்று சுற்றி வந்ததில் செங்கடல் வெக்கை அவற்றை வாட்டி எடுத்துவிட்டது. ஊட்டி வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு குழு அனுப்பிய கன்றுகள்தான் நீலகிரியில் வேர் பிடித்தன. பனியில் பிழைத்த பெட்டி, வெக்கையில் தோற்றது!

ஹீட் பேக்குக்கு வருவோம். அதற்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சூடுதான் வெளியே வருகிறது. சென்னையில் இருந்து ராசிங்காபுரத்துக்கு வரும் பார்சலில் இதை வைத்தால் செடி அவிந்துவிடும். கேட்டு வாங்காதீர்கள். டார்ஜிலிங்குக்கோ சிம்லாவுக்கோ அனுப்பினால்தான் யோசிக்க வேண்டும். அங்கும் செடியின் மேல் நேராகப் படாமல் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் நிஜமான வில்லன் காலண்டர். தை பிறந்தால் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வரிசையாக விடுமுறை. அதற்கு முன்னால் துணிப் பார்சல்களால் கூரியர் குடோன் நிரம்பி வழியும். ஜனவரி 10 வாக்கில் கிளம்பும் செடி, பொங்கல் முடிந்துதான் வெளிச்சத்தைப் பார்க்கும். திங்கள் அல்லது செவ்வாய் அன்று அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சனி, ஞாயிறு குடோனில் கிடக்காது. சில கூரியர்கள் கிராமத்துக்கு வராமல் போடி ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அதை முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

எந்தச் செடி என்பதும் முக்கியம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் தடித்த தண்டு இருக்கிறது; ஒரு வாரம்கூட அசையாமல் தாங்கும். ஜாவா மாஸும் கெட்டி. ஜெல்லி நிரப்பிய சிறு டப்பாவில் வரும் திசு வளர்ப்புச் செடி இன்னும் பத்திரம். கபோம்பா மாதிரி மெல்லிய இலைச் செடிகள் மூன்றாம் நாளே அழுக ஆரம்பிக்கும். ஒன்று அழுகினால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைத்துவிடும். பேக்கிங்கில் ஈரக் காகிதம் போதும். கவர் நிறையத் தண்ணீர் ஊற்றி அனுப்புகிறவர் அனுபவசாலி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெட்டியைப் பிரிக்கும்போது முதல் வெட்டில் இருந்தே வீடியோ எடுங்கள். செடி செத்து வந்தால் மாற்றித்தர, பெரும்பாலான விற்பனையாளர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். மண் வாசனை வந்தால் நல்லது. அழுகிய முட்டை வாடை அடித்தால் கெட்ட பகுதியை உடனே வெட்டிவிடுங்கள். தை மாத விடியலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதில் நேராகப் போடாமல், கவரோடு தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள்.

பெரும்பாலானோர் ஏமாந்துபோவது இதற்கு அப்புறம்தான். நன்றாக வந்த கிரிப்டோகொரைன், தொட்டியில் வைத்த ஒரே வாரத்தில் இலை இலையாகக் கரைந்துவிடும். ‘குளிர்ல செத்துப்போச்சு’ என்று பிடுங்கி எறிந்து, விற்றவருக்கு ஒரு ஸ்டாரும் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் பண்ணைகளில் இவற்றைத் தண்ணீருக்கு வெளியே, காற்றில்தான் வளர்க்கிறார்கள். அப்போதுதான் வேகமாக வளரும், பாசி பிடிக்காது. காற்றில் முளைத்த இலை தண்ணீருக்குள் நிற்காது. வேரைத் தொட்டுப் பாருங்கள். உறுதியாக, வெள்ளையாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. மூன்று, நான்கு வாரம் அசைக்காமல் விட்டால் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். காசு கொடுத்து வாங்கி, உயிரோடு வந்த செடியைக் குப்பையில் போடுவதுதான் நிஜமான நஷ்டம்.

வெட்டி எறியும் துண்டுகளை மட்டும் கொட்டக்குடி ஆற்றிலோ கண்மாயிலோ போட்டுவிடாதீர்கள். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க ரோஸ் நிறப் பூ பூத்து, ஊரே போட்டோ எடுக்கத் திரண்டதே, அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா. மீன் தொட்டிக்காக உலகம் முழுக்க விற்கிற செடி. ஒரு துண்டுத் தண்டு போதும், வாய்க்காலை அடைத்துவிடும். மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ரோஜாத் தொட்டியில் உரமாகப் போட்டுவிடுங்கள்.