பழைய கிட்டாரைத் தூக்கி வீசாதீர்கள்

தப்புக்கு அடுத்தபடியாக நமது தோட்டத்து இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கும் வாத்தியம் கிட்டார்தான். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' போன்ற பொப் பாடல்கள் வானொலியில் கேட்ட காலத்திலிருந்தே இந்த ஆசை உண்டு. அப்பாவோ மாமாவோ அன்று வாங்கிய கிட்டார் இன்றும் சில காம்பராக்களில் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிறது. புகை படிந்து, கம்பி துருப்பிடித்து, பார்த்தால் விறகுக்குத்தான் லாயக்கு என்று தோன்றும். ஆனால் புதிது வாங்கும் பணத்தில் சிறு பங்கு செலவழித்தாலே இவற்றில் பலவற்றை மறுபடியும் வாசிக்கலாம். அதற்கு வேலையை முறையாகச் செய்ய வேண்டும்.

நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? கடைக்குப் போய் ஒரு டின் எனாமல் பெயின்ட் வாங்கி வருவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டாரின் மேல் பலகை சுமார் மூன்று மில்லிமீற்றர் கனம்தான். அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும். தடித்த பெயின்டைப் பூசிவிட்டால் பலகை கட்டுப்பட்டுப் போகும், சத்தமும் அமுங்கிவிடும். அழகு கடைசி வேலை. பலம் முதல் வேலை.

பலம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரும்புக் கம்பி ஆறையும் சுருதி சேர்த்தால் அவை சுமார் 70 கிலோ பாரத்தில் இழுக்கின்றன. ஒரு சீமெந்து மூட்டையே 50 கிலோதான். நைலோன் கம்பி என்றால் சுமார் 40 கிலோ. இந்த இழுவையை இரவும் பகலும் தாங்குவது கம்பியின் அடி பூட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு. அதன் பின்பக்க விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் கழன்று வருகிறது என்று அர்த்தம். பிறகு விரல் முட்டியால் பலகை முழுவதையும் மெதுவாகத் தட்டுங்கள். எங்கேயாவது கறகற என்றால் உள்ளே இருக்கும் தாங்கு சட்டம் விட்டிருக்கிறது. சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி அரித்திருக்கிறது. பூச்சி பலமாக அரித்திருந்தால் அந்தக் கிட்டாருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

கழன்ற பிரிட்ஜை ஆணியடித்தோ ஸ்குரூ போட்டோ நிறுத்துபவர்கள் உண்டு. பலகைதான் பிளக்கும். கம்பிகளை எல்லாம் கழற்றி, பிரிட்ஜை எடுத்து, பழைய பசையை இரண்டு பக்கமும் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மரத்தோடு மரம் ஒட்ட வேண்டும், இடையில் பொலிஷ் இருக்கக் கூடாது. தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு முழு நாள் அசைக்காமல் வையுங்கள். கிளாம்ப் இல்லாதவர்கள் தோட்டத்துத் தச்சரிடம் கொண்டுபோனால் நல்லது.

இன்னொன்று. தப்புத் தோல் ஈரத்தில் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சுகிறோம். அந்தப் பழக்கத்தில் கிட்டாரையும் அடுப்புக்குக் கிட்டே வைத்துக் காயவைக்கிறார்கள். தோல் சூட்டில் இறுகும், மரமோ சூட்டில் வெடிக்கும். பழைய கிட்டார்களில் உள்ள விலங்குப் பசை சூடுபட்டால் இளகவும் செய்யும்.

இப்போது பொலிஷுக்கு வருவோம். பல நேரங்களில் புதுப் பொலிஷே தேவைப்படாது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். புகைக் கறைக்கு அடியில் பழைய நிறம் தெரியும். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் கிட்டாரின் பலகை வாசித்து வாசித்தே ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டையோடுதான் பல பத்து வருடம் மேடை ஏறினார். உட்சட்டங்களைத் திருத்தினார்கள், ஓட்டையை அப்படியே விட்டார்கள்.

பொலிஷ் உரிந்து மரம் தெரிகிறது என்றால் அரக்குப் பொலிஷ் நல்லது. இது நமக்குப் புதிய பொருள் அல்ல. மாத்தளைப் பக்கம் ஹபுவித கிராமத்துக் கைவினைஞர்கள் தடிகளுக்கும் பெட்டிகளுக்கும் சூட்டில் இளக்கிப் பூசும் வர்ண அரக்கும் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசின்தான். கிட்டாருக்கு அதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோம். பஞ்சைப் பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தொட்டு, மர ரேகையின் போக்கிலேயே மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. மழை நாளில் பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டு வெள்ளை படரும். கண்டிப் பகுதியில் பெப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளைதான் தோதான நேரம்.

ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு நலன்புரி உத்தியோகத்தராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை முடிந்து போத்தலில் மிஞ்சுவதை "கொஞ்சம்தானே" என்று யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதில் மெதனோல் கலந்திருக்கும். சிறிதளவு போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். தவறிக் குடித்துவிட்டால், போதைதானே தெளியட்டும் என்று படுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அடுப்பு எரியும் அறையில் போத்தலைத் திறக்கவே வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலும், சோடாப் போத்தலிலும் ஊற்றி வைக்க வேண்டாம்.

கடைசியாகக் கம்பி. நைலோன் கம்பிக்கென்று செய்த கிட்டாருக்கு, சத்தம் கூட வரும் என்று இரும்புக் கம்பி போடாதீர்கள். ஒட்டிய பிரிட்ஜ் மறுபடியும் கையோடு வந்துவிடும். புதுக் கம்பியை ஒரேயடியாக முறுக்காமல் இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதிக்குக் கொண்டு வாருங்கள். வாசித்து முடிந்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடையுங்கள், வியர்வைதான் துருவுக்குக் காரணம். மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச் சுவரில் வேண்டாம், அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், உள் தடுப்புச் சுவரில் மாட்டுங்கள்.