தானே பிரியும் சாரம்

முறிந்த எலும்பைத் தானே கூட்டிக்கொள்ளும் வல்லமை நம் உடலுக்கு உண்டு. முறிந்த முனைகள் நேர்ப்பட்டு, அசையாதிருக்குமாறு செய்வதே மருத்துவர் வேலை. மாவுக்கட்டு போதாதபோது எஃகு அல்லது டைட்டேனியத் தகட்டை உள்ளே வைத்துத் திருகாணியால் இறுக்குகின்றனர். இது கட்டடத்திற்குச் சாரம் கட்டுவது போன்றது. சுவர் இறுகிய பின்னும் சாரம் நின்றால்?

எஃகு எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. பளுவைத் தகடே தாங்கிவிட்டால், வேலையற்ற எலும்பு நாளடைவில் மெலியும். பலருக்குத் தகடு வாழ்நாள் முழுதும் உள்ளேயே இருந்துவிடுகிறது. சிலருக்கோ அதை எடுக்க மீண்டும் அறுவை தேவைப்படுகிறது. திலக் நகரிலும் தாராவியிலும் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் நம்மவர்க்கு அது மறுபடியும் செலவு, மறுபடியும் கூலியிழப்பு அன்றோ?

ஆகவேதான் வேலை முடிந்ததும் உடலிலேயே கரையும் பொருளை அறிஞர் நாடினர். 1984இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், கரையும் பாலிமர் ஊசிகளால் கணுக்கால் முறிவைச் சீர்செய்தனர். ஆயினும் பெரும்பளு தாங்கும் எலும்புக்குப் பாலிமரின் வலிமை போதாது.

உலோகங்களில் மக்னீசியம் இதற்கு ஏற்றது. நம் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அதன் விறைப்பும் எலும்பின் விறைப்பை ஒட்டியது. ஆனால் 1907இல் பெல்ஜிய மருத்துவர் லாம்போட் காலெலும்பில் வைத்த மக்னீசியத் தகடு எட்டே நாளில் சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டது. காரணம் யாது? உப்பு கலந்த உடல்நீரில் மக்னீசியம் விரைந்து அரிக்கப்படும். ஒரு கிராம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். உடன் வைத்த எஃகு ஆணிகள் அரிப்பை மேலும் விரைவுபடுத்தின.

எலும்பு கூடுவதற்கோ வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அதுவரை சாரம் நிற்கவேண்டும். பிறகு மெல்லக் கரையவேண்டும். எனவே அரிப்பின் விரைவைக் கட்டுப்படுத்துவதே இத்துறையின் உயிர்நாடி. உலோகக் கலவைகளும் மேற்பூச்சுகளும் இதற்காகவே. ஜெர்மனியில் உருவான மக்னீசியத் திருகாணி ஒன்று 2013இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது.

நம் சென்னையும் பின்தங்கவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ரத்ன சுனில், சம்பத்குமார் முதலியோர் மக்னீசியத்தை உருக்காமல், சுழலும் கருவியால் பிசைந்து, ஹைட்ராக்சி அபடைட் என்னும் எலும்புக் கனிமத்தின் நுண்துகளை அதில் கலந்தனர். அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து அரிப்பு தணிந்ததை 2014இல் வெளியிட்டனர். அது ஆய்வுக்கூடச் சோதனை. அத்தகைய பொருள் நோயாளியை எட்டுமுன் விலங்குச் சோதனையும் மருத்துவச் சோதனையும் கடக்கவேண்டும்.

தோழர்களே! வேதியியலாரும் உலோகவியலாரும் மருத்துவ மாணவரும் ஒருங்கே அமர்ந்து தீர்க்கவேண்டிய கணக்கு இது. விடையில் விலையும் ஓர் எண்ணாக இருக்கட்டும். கூலித்தொழிலாளியின் கைக்கு எட்டாத திருகாணி, எத்துணை அழகாகக் கரைந்தாலென்ன?