நிலத்துக்கு வாட்டம் வேண்டும்

சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தனி வீடு கட்டிக் கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பழகியது. புரட்டாசி வரை பப்பாளி குடை விரித்தாற்போல் நிற்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு மூன்று நாளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கும். மழை விட்டு வெயில் அடிக்கும்போது மரம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தண்ணீரிலேயே நின்ற மரம் எப்படி வாடியது என்பதுதான் வீட்டுக்காரருக்குப் புரியாது. தொங்குகிற இலையைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறவர்களும் உண்டு.

வேரும் மூச்சு விடுகிறது. நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அதில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும். வெள்ளம் அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் நீரில் பரவும் என்பதால், மண்ணில் மிச்சமிருந்தது ஓரிரு நாளில் தீர்ந்துபோகும். மூச்சடைத்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் நீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடுகிறது. அடுத்து பித்தியம், பைட்டாப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் வரும். அவற்றின் வித்துகள் நீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகக்கூடியவை. பப்பாளி இரண்டு நாள் தேங்கலைக்கூடத் தாங்காது. முருங்கையும் கறிவேப்பிலையும் அதற்குக் கொஞ்சம்தான் மேல்.

கொத்தனார்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: வாட்டம். குளியலறைத் தரையோ மொட்டை மாடியோ, நீர் தானாக ஓடும்படி விடும் சரிவை அப்படித்தான் சொல்வார்கள். மாடிக்கு வாட்டம் சரியாக இருக்கிறதா என்று வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வீட்டுக்காரர், கொல்லைக்கு அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. நிலத்துக்கு வாட்டம் இல்லாததால்தான் செடிக்கு வாட்டம் வருகிறது.

தேங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பல வீடுகளில் பதில் தலைக்கு மேலேயே இருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு லாரித் தண்ணீர், சேரும். சென்னையில் மழைக்காலத்தில் ஓரிரு நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டுவது அதிசயமே இல்லை. அத்தனையையும் ஒரே குழாய் வழியாக மல்லிகைப் புதரின் காலடியில் இறக்கிவிட்டு, மண் சரியில்லை என்று நொந்துகொள்வதில் என்ன நியாயம்?

இரண்டாவது வழி தெரு. பழைய தாரைச் சுரண்டாமலே அதன்மேல் புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று இரண்டு படி இறங்கிப் போகும் நிலைக்கு வந்துவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு 2021-ல் உத்தரவிட்டார். ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட வீடுகளுக்கு அதனால் பயனில்லை. அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் அரையடி உயரத்துக்கு ஒரு திண்டு கட்டித் தெருத் தண்ணீரை வெளியிலேயே நிறுத்துவதுதான் வழி.

மூன்றாவது, கீழிருந்து வருவது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறித் தரையைத் தொட்டுவிடும். கிணறு இருந்தால் எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். நீர்மட்டம் தரைக்கு இரண்டு மூன்று அடிக்குள் நிற்கிறது என்றால், குழி வெட்டி நீரை இறக்கும் எந்த வேலையும் அங்கே பலிக்காது.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு மண்ணுக்கு வரலாம். சென்னை ஒரே மண் அல்ல. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம், கே.கே. நகர்ப் பக்கம் களி. கிண்டி, ஆதம்பாக்கத்தில் சீக்கிரமே பாறை தட்டும். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் இறங்கினால் கவலையில்லை. அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் உதவி தேவை. தோண்டும்போது மண் சாம்பல் நீலமாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அங்கே காற்று போய் வெகு நாளாகிவிட்டது.

குழி தோண்டும்போது இன்னொரு குற்றவாளியும் அகப்படுவது உண்டு. வீடு கட்டிய காலத்தில் லாரி ஏறி இறுகிய மண், அதன்மேல் சிமென்ட் பால், உடைந்த செங்கல், அதை மறைக்கக் கொட்டிய சவுடு. களிமண் என்று பழி சுமக்கும் பல கொல்லைகளில் ஓர் அடிக்குக் கீழே இருப்பது இந்தத் தளம்தான். அங்கே கடப்பாரை போட்டு உடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் மக்கள் முதலில் செய்வது வேறு. களியில் மணலைக் கலக்கிறார்கள். கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல் போல இறுகும்; பயன் தெரிய வேண்டுமானால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக வேண்டும். அவ்வளவு மணலுக்கு இன்று யார் விலை கொடுப்பது? செடி நடும் குழியின் அடியில் ஜல்லி போடுவது இன்னொரு பழக்கம். மேலுள்ள நுண்ணிய மண் முழுக்க நனைந்து நிறையும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்கவே இறங்காது. அதனால் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும். மூன்றாவது, நாலு லோடு மண் அடித்து மொத்தக் கொல்லையையும் உயர்த்துவது. மாமரத்தின் அடித்தண்டு மண்ணுக்குள் புதைந்து மரம் மெல்ல மூச்சடைக்கும். தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறு பெயரில் சண்டையாகத் திரும்பி வரும்.

மலிவான மருந்து, மாடிக் குழாயின் வாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புவது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அவசரத்தில் தோண்டி, பின்பு மண் மூடிப்போன குழிகள் எத்தனையோ. அப்படி ஒன்றைத் தூர்வாரினாலே ஒரு லாரித் தண்ணீருக்கு இடம் பிறக்கலாம். புதிதாகச் செய்வதென்றால் மூன்றடி விட்டச் சிமென்ட் உறைகளைப் பத்துப் பதினைந்து அடிக்கு இறக்கி மீள்நிரப்பு கிணறு அமைக்கலாம். களி தடிமனாக இருக்கும் இடத்தில் அதற்குள் ஒரு துளை போட்டுக் கீழேயுள்ள மணல் வரை கொண்டுபோக வேண்டும். சுடுமண் உறை இறக்கிக் கிணறு கட்டும் கலை கீழடிக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. நமக்கு ஒன்றும் புதிதல்ல.

கொல்லையின் நடுவே தேங்குவதை வெளியேற்ற உதவுவது 'பிரெஞ்ச் டிரெய்ன்' எனப்படும் மூடிய வடிகால். பிரான்சுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. 1859-ல் பண்ணை வடிகால் பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி பிளாக் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நீதிபதியின் பெயர் அது.  ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் வெட்டி, நீர் கசியும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, கொஞ்சம் ஜல்லி பரப்பி, ஓட்டை போட்ட நாலு அங்குல பிவிசி குழாயை ஓட்டை கீழே பார்க்கும்படி வைத்து, மறுபடி ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூட வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் போதும். முப்பது அடிக் கொல்லையில் அது மூன்றரை அங்குலம்தான்; கண்ணால் மதிப்பிட முடியாது, தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்ப்பதே சரி. குழாயின் மறுமுனை மீள்நிரப்பு கிணற்றிலோ மழைநீர்க் கால்வாயிலோ முடிய வேண்டும். பாதாளச் சாக்கடையில் மட்டும் இணைக்கக் கூடாது. இணைத்தால் அடுத்த பெருமழையில் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறும்.

நீர் வெளியேற வழியே இல்லாத தாழ்ந்த கொல்லைக்குக் காவிரிப் பாசனக் கிராமங்களின் வெற்றிலைக் கொடிக்கால் நல்ல பாடம். அங்கே கொடி மேட்டில் நிற்கும், நீர் பக்கத்துப் பள்ளத்தில் நிற்கும். அதே முறையில் நாலடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, தோண்டிய மண்ணோடு மட்கிய எருவும் தென்னை நார்க் கழிவும் கலந்தால் கத்தரி, வெண்டை, மிளகாய் தப்பித்துக்கொள்ளும். இடையிலுள்ள பள்ளத்தில் சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கல்வாழை, வெட்டிவேர் வைக்கலாம். ஈரம் அவற்றுக்குச் சொந்த வீடு. ஆனால் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும் என்பதால், பள்ளத்து நீர் அதற்குமுன் வடிந்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் வெள்ளமே வராதா? வரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் மூழ்கின. ஊரே ஏரியாகும்போது கொல்லை வடிகால் ஒன்றும் செய்யாது. அது உதவுவது ஆண்டுதோறும் வரும் சாதாரண அடைமழைக்கு; தோட்டத்தை அதிகம் கொல்வதும் அந்தச் சாதாரண மழைதான்.

ஈர மண்ணைக் கிளறினாலும் மிதித்தாலும் அது இன்னும் இறுகும். அதனால் மழை தொடங்கிய பிறகு மண்வெட்டியை எடுத்துப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்குவதாகக் கணக்கில் வைத்திருக்கும் நாள் அக்டோபர் 20. ஆவணி முடிவதற்குள் கடப்பாரையை இறக்கிவிடுங்கள்.