கயிறு தாண்டிக்கொண்டே ஒரு வாக்குமூலம்

ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டே கதை சொல்ல முடியுமா? அதுவும் பாட்டி வடை சுட்ட கதை இல்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், தான் தன்பாலீர்ப்பாளன் என்று வீட்டில் சொன்னதற்காகக் கத்திக்குத்து வாங்கிய 15 வயதுப் பையனின் கதை. சொல்பவர் அங்குர் பாஹ்ல். கயிறு சுழல்கிறது, கால் மாறுகிறது, கை குறுக்கே போய் வருகிறது. பேச்சு மட்டும் இடறவே இல்லை! தரையில் கயிறு விழும் சத்தம்தான் தாளம்.

டிவி8 பிசிக்கல் தியேட்டர் குழுவின் ‘டு பி ஸ்ட்ரெயிட் வித் யூ’ என்ற மேடை நிகழ்ச்சிதான் இது. 2008இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நடந்தது. இயக்குநர் லாயிட் நியூசன் ஆஸ்திரேலியாக்காரர். உளவியல் படித்துவிட்டு நடனத்துக்குத் தாவியவர். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறாய் என்பதைவிட எதற்குத் தூக்குகிறாய் என்று கேட்கிற ஆள்.

திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. வசனம் எழுத நாடகாசிரியர் என்று தனியாக யாரும் இல்லை! பிரிட்டனில் 80க்கும் மேற்பட்டவர்களிடம் பேட்டி எடுத்து, அவர்கள் பேசியதையே மேடையேற்றிவிட்டார்கள். தஞ்சம் கேட்டு வந்தவர்கள், குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், தன்பாலீர்ப்பாளர்களைக் கண்டாலே ஆகாதவர்கள் என்று எல்லாத் தரப்பும் உண்டு. பேசியவர் தயங்கினால் நடிகரும் தயங்க வேண்டும், அதுவும் குதித்துக்கொண்டே! சொல்லை மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். எந்தச் சொல்லுக்கும் எந்தக் குதிப்புக்கும் நடுவே மூச்சு வாங்குவது என்று தெரிய வேண்டுமே.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் ஓர் உலக உருண்டை. நடிகர் அதற்குள் நின்று, கையால் சுழற்றி, ஓரினச்சேர்க்கை குற்றமாக உள்ள நாடுகளைக் காட்டுகிறார். தொட்டுப் பார்க்க அங்கே ஒன்றுமே கிடையாது, வெறும் ஒளி! கை ஒரு கணம் பிந்தினால் மாயம் போச்சு.

2008இல் இந்தியாவிலும் அது குற்றம்தான். லண்டன்காரர்கள் இதில் ரொம்ப நிமிர்ந்து உட்கார முடியாது: 1860இல் ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை நமக்கு எழுதிக் கொடுத்ததே அவர்கள் ஆட்சிதான். ஆட்கள் இங்கிருந்து அங்கே போவதற்கு முன்பே சட்டம் அங்கிருந்து இங்கே குடிபெயர்ந்துவிட்டது. அதே காட்சியை இன்று போட்டால் இந்தியாவை எடுத்துவிட வேண்டும். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. இலங்கைக்கு அந்த வேலை இல்லை. வெள்ளைக்காரன் 1883இல் போட்ட சட்டம் அங்கே இன்னும் ஏட்டில் இருக்கிறது.