கோழியின் இரத்தமும் இன வேற்றுமையும்

40 ஆம் நம்பர் நூலையும் 100 ஆம் நம்பர் நூலையும் ஒரே கணக்கில் நெய்யத் துணியும் நெசவாளர் பரமக்குடியில் எவரும் இலர். நூலில் நாம் கைக்கொள்ளும் இந்த எச்சரிக்கை, கோழியின் இரத்தத்தை மதிப்பிடும்போதும் வேண்டற்பாலது.

கருங்கோழி எனப்படும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக்கு உரியது. 2018 இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் இரத்தமும் கறுப்பு என்று சொல்லிக் குஞ்சுகளை மிகுந்த விலைக்கு விற்போர் உளர். தோலும் தசையும் எலும்பும் கறுத்திருப்பது மெலனின் என்னும் நிறமியால். இரத்தமோ, அசில் கோழிக்கும் வெள்ளை லெகார்னுக்கும் உள்ளது போலவே, இரும்புச் சத்துடைய ஹீமோகுளோபினால் சிவந்தே இருக்கும்.

வளர்ந்த கோழியின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 7 முதல் 13 கிராம் வரை இருக்கும். எல்லை இவ்வளவு அகன்றிருப்பதற்கு இனம் ஒன்றே காரணமன்று. சேவலுக்குப் பெட்டையைவிட அளவு மிகும். முட்டையிடும் பெட்டையின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, இடாத கோழியினுடையதைப் போல் இரு மடங்குக்கு மேலும் உயரும். கடற்கரை வெயிலில் நீரின்றி வாடிய கோழியின் இரத்தம் செறிந்து, சோகையை மறைத்துவிடவும் கூடும். ஆகவே ஒரே வயது, ஒரே பால், ஒரே தீவனம், ஒரே தண்ணீர் என்னும் நிலையில் ஒப்பிட்டால் மட்டுமே, காணும் வேற்றுமையை இனத்துக்கு உரியதெனக் கூறலாம்.

பரம்பரையாக வரும் வேற்றுமையும் உண்டு. மனிதருக்கு இருப்பதுபோல் கோழிக்கும் இரத்த வகைகள் உள. அமெரிக்க ஆய்வாளர் பிரைல்ஸும் அவர்தம் தோழர்களும் 1950 இல் இவற்றை விளக்கி எழுதினர். அவற்றுள் ‘பி 21’ என்னும் வகையுடைய கோழிகள் மாரெக்ஸ் நோயை நன்கு எதிர்ப்பது பின்னர் அறியப்பட்டது. இனவிருத்தி செய்வோர்க்கு இதுவே பயன்மிக்க செய்தி.

கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள் செய்யத்தக்கது யாது? கொண்டை வெளுத்திருப்பின் உடனே சத்து மருந்துக்குப் பணம் செலவிடல் வேண்டா. பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் உண்ணி உளதா என்று முதலில் பார்க்க. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் காணின் இரத்தக்கழிச்சலென ஐயுற்றுக் கால்நடை மருத்துவரை நாடுக. பரிசோதனை தேவைப்படின், அவர் இறக்கை நரம்பிலிருந்து இரத்தம் எடுப்பார். அதனை மனிதருக்கான ஆய்வகத்துக்கு அனுப்புதல் கூடாது. கோழியின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. மனித இரத்தத்துக்கென அமைந்த கருவி அதனை வெள்ளணுவென்று எண்ணிவிடும். குப்பியோடு இனம், வயது, பால், முட்டையிடும் நிலை, குடிநீரின் தன்மை ஆகியவற்றை எழுதி அனுப்புக. இக்குறிப்பு இல்லாத எண், நம்பர் தெரியாத நூற்கண்டு போன்றதே. அதனை நம்பி நல்ல கோழியைக் கழிப்பதும், நோயுற்றதை வைத்திருப்பதும் இல்லத்து வருவாய்க்கே நட்டமாகும்.