அதிர்வுக்கு அஞ்சும் தங்கக் கட்டிகள்

உத்தரகோசமங்கை கோவிலில் மரகத நடராஜர் இருக்கிறார். ஆண்டு முழுவதும் அவருக்குச் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறைதான் அதைக் களைவார்கள். மரகதம் மென்மையானது, மேள தாளத்தின் அதிர்வைக்கூடத் தாங்காது, அதனால்தான் காப்பு என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

விஞ்ஞானிகளும் அதிர்வுக்கு அஞ்சி இரண்டு கட்டிகளை விண்வெளிக்கே கொண்டுபோனார்கள்! தங்கமும் பிளாட்டினமும் கலந்த கட்டிகள் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ எடை.

எதற்காக? ஈர்ப்பு அலையைப் பிடிக்கத்தான்.

குளத்தில் கல் விழுந்தால் அலை பரவுகிறது அல்லவா? ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளைகள் இரண்டு மோதினால், வான்வெளியே அப்படி அலைபாயும். இதை ஐன்ஸ்டீன் 1916-ல் சொன்னார். 2015 செப்டம்பர் 14-ந் தேதி அமெரிக்காவில் உள்ள கருவிகள் அந்த அலையை முதன்முதலாகப் பிடித்தன.

ஆனால் ராட்சதக் கருந்துளைகள் எழுப்பும் அலை மிக மெதுவானது. ஒருமுறை ஏறி இறங்கவே பல நிமிஷம் ஆகும், மணிக்கணக்கும் ஆகலாம். அது பூமியில் அகப்படாது. நிலம் சும்மா இருந்தால்தானே! சேதுக்கரையில் கடல் அலை மோதினாலும் நிலம் அதிரத்தான் செய்கிறது.

ஆகவே ஐரோப்பிய விண்வெளிக் கழகம் ஒரு சோதனை செய்தது. 2015 டிசம்பர் 3-ந் தேதி 'லிசா பாத்ஃபைண்டர்' என்ற விண்கலம் புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், 2016 பிப்ரவரியில், கட்டிகளைப் பிடித்திருந்த பிடிகள் விலகின. கட்டிகள் எதையும் தொடாமல் மிதந்தன.

அவற்றைத் தொடாமல் காப்பதுதான் பெரும்பாடு. வெயிலுக்கும் தள்ளும் சக்தி உண்டு! அது விண்கலத்தைத் தள்ளும்போதெல்லாம், சிறு குழாய்கள் வாயுவைப் பீச்சிக் கலத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தன. கட்டி கலத்தின் சொல் கேட்கவில்லை. கலம்தான் கட்டியின் பின்னால் போயிற்று. விண்வெளிக் கதிர்கள் பட்டுக் கட்டிகளில் மின்சாரம் சேர்ந்தது. புற ஊதா விளக்கைக் காட்டி அதையும் போக்கினார்கள். கட்டிகளுக்கு இடையே 38 சென்டிமீட்டர். லேசர் ஒளி அதை ஓயாமல் அளந்தது.

2016 ஜூனில் முடிவு வந்தது. கட்டியின் மேல் மிஞ்சியிருந்த தள்ளல், ஒரு கிருமியின் எடை அளவுதான். கேட்டதைவிட ஐந்து மடங்கு நன்றாகவே கலம் வேலை செய்தது!

அந்தத் துணிவில்தான் 'லிசா' திட்டத்துக்கு 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று கலங்கள் பறக்கும். அத்தனை தூரத்தில் லேசர் ஒளியின் தடுமாற்றத்தைக் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கில் உழைத்தவர்களில் புனே நகரின் சஞ்சீவ் துரந்தரும் ஒருவர். கலங்கள் 2035-ல் புறப்பட ஏற்பாடு.

பாத்ஃபைண்டரை 2017 ஜூலையில் அணைத்துவிட்டார்கள். தங்கக் கட்டிகளோடு அது சூரியனைச் சுற்றி வருகிறது.